படலையால் வெளியே வராத கார்

1

தங்கச்சியின் கடிதத்தில் முதல் மூன்று வரி, அவள் புருஷன் கணவதி செத்துப்போன செய்தி. நாலாவது வரியிலேயே காருக்கு வந்து, கார்ப் புத்தகத்தை அனுப்பச் சொல்லியிருந்தாள்.

‘அண்ணன் அறிவது. இவர் காய்ச்சலில் கிடந்து போன மாதம் போய்விட்டார். முப்பத்தோராம் நாளும் முடிந்தது. அந்தக் கார் கொட்டிலுக்குள் ஓடாமல் கிடக்கிறது. அதை ஓடவைத்து வாடகைக்கு விட்டால் நான் ஒருவரிடமும் கையேந்தாமல் இருக்கலாம். ஊரில் காரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் புத்தகம் இல்லாமல் தொடமாட்டோம் என்கிறார்கள். அந்தப் புத்தகம் அண்ணனிடம்தான் இருக்கும். எப்படியாவது அனுப்பிவிடவும்.’

கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? பன்னிரண்டு வருஷம் அந்தக் காரைப் பற்றி ஒரு சொல் எழுதாதவள். அது என்னுடைய கார் என்று ஒரு தரமாவது எழுதியிருந்தால் போதும், நான் வேறொன்றும் கேட்டவனில்லை. இப்போதும் ‘அந்தக் கார்’, ‘அந்தப் புத்தகம்’ என்றுதான் எழுதுகிறாள்.

என் மனைவி கடிதத்தை வாங்கி வாசித்தாள். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது இங்கே மலாயாவில். “செத்தவீட்டுக் கடிதத்தில கார்ப் புத்தகமோ? உங்கட ஊர் ஆக்கள் கெட்டிக்காரர்தான்” என்றாள். எனக்குக் கணவதிக்காக அழ வரவில்லை. அவன் செத்த செய்திக்கு நான் அழமாட்டேன் என்று எப்போதோ முடிவு கட்டி வைத்திருந்தேன்.

2

எங்கள் ஊர் களுதாவளையில் இதை வாசிப்பவர்களுக்குக் கதை தெரியும். அவர்களுக்குத் தெரிந்த கதையில் நான் வயலைக் கொடுத்து இரும்பு வாங்கிய பைத்தியக்காரன். என் வாயால் ஒருக்கால் கேளுங்கள்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்த புதிது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மண்டூர்ப் பக்கத்துப் பெரிய வயல்காரப் போடியார் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கார் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருந்தார். அது காராக வரவில்லை, ஏழு பெட்டிகளில் துண்டு துண்டாக வந்தது. பூட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வருவதற்குள் போடியார் கண்ணை மூடிவிட்டார். பெட்டிகளைக் கண்டாலே அவருடைய மனைவிக்கு ஆகவில்லை. என் அப்பா எனக்கென்று விட்டுப்போனது வட்டையில் ஒரு துண்டு வயல். அதை அந்த அம்மாவுக்கு எழுதிக்கொடுத்து ஏழு பெட்டிகளையும் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தேன்.

யாழ்ப்பாணத்து வாசகருக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை என்பவன் கலியாணம் முடித்து இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகிறவன். ஆகவே அந்த வயலைத் தவிர எனக்கென்று உலகத்தில் ஒன்றும் இல்லை. அதைத்தான் பெட்டிக்குக் கொடுத்தேன். காரைப் பூட்டி, பட்டணத்துக்கும் கல்முனைக்கும் வாடகைக்கு ஓட்டி, வாத்தியார் வேலையை விட்டுவிடுவது என்பது என் கணக்கு.

எனக்குக் கார் பூட்டத் தெரியுமா? தெரியாது. அதற்கு முதல் நான் கழற்றிப் பூட்டியது ஒரு சைக்கிளும் பள்ளிக்கூட மணிக்கூடும். மணிக்கூடு பிறகு ஓடவில்லை. ஆனால் பெட்டிக்குள் இங்கிலீசில் ஒரு புத்தகம் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் படம். எட்டாம் வகுப்பு இங்கிலீசும் படமும் சேர்ந்தால் எதையும் பூட்டலாம் என்ற திமிர் எனக்கு.

கூட நின்றவன் கணவதி. கணபதிப்பிள்ளை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். வாவியில் தோணி ஓட்டி வலை போடுகிறவன், என் வயது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் கையைப் பார்க்கவேண்டும்! நான் படத்தைப் பார்த்து முழிசிக்கொண்டிருக்க, அவன் இரும்பைத் தடவிப் பார்த்து, “இது இதுக்குள்ள போற சாமான் மச்சான்” என்று சொருகிவிடுவான். ஸ்டியரிங்குக்கு அவன் வைத்த பேர் சுக்கான். மற்றவள் என் தங்கச்சி பூரணம். ஐந்தாம் வகுப்புவரை நான்தான் அவளுக்கு எழுத்துப் படிப்பித்தேன். எந்தப் பெட்டியில் எந்தச் சாமான் என்று புத்தகத்தின் கடைசி வெள்ளைத் தாள்களில் பென்சிலால் எழுதி வைப்பது அவள் வேலை.

3

போன வருஷம் நான் கணக்கெழுதும் தோட்டத்து மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, “கிராணி, நீர் லைசன்ஸ் எடுத்தால் நல்லது” என்றார். ஈப்போவில் லைசன்ஸ் கந்தோருக்குப் போனேன். நிரப்பிய விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி: இதற்கு முதல் சொந்தமாகக் கார் வைத்திருந்தீரா? ஓம் என்று எழுதினேன்.

“நம்பர் என்ன?” என்று கேட்டார் கந்தோர்க்காரர்.

“நம்பர் இல்லை. அது ரோட்டுக்கு வரவில்லை.”

“ரோட்டுக்கு வராதது கார் இல்லை. வெட்டிவிட்டு இல்லை என்று எழுதும்.”

என் கையாலேயே வெட்டி, இல்லை என்று எழுதினேன். ஊரில் என் தாய்மாமன், அம்மான், அன்று சொன்ன அதே நியாயத்தை இவர் கடல் கடந்து வந்து சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டிக் காட்டும்போது பக்கத்தில் இருந்த மலாய்க்கார அதிகாரி, “பூசிங், பூசிங்” என்றார். திருப்பு என்று அர்த்தமாம். கணவதியாயிருந்தால் எங்கள் ஊர்ப் பேச்சில் “கிறுக்கு மச்சான்!” என்று கத்தியிருப்பான், கை தானாகக் கிறுக்கியிருக்கும். நான் நேரே போய் ஒரு வாழையில் முட்டினேன். இரண்டாம் தரம்தான் லைசன்ஸ் கிடைத்தது. வீட்டில் பிள்ளைகள் ஒரு கிழமை பூசிங் பூசிங் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்குள்ள யாழ்ப்பாணத்தார் பிறகு என்பதற்கு நான் சொல்லும் ‘மறுகா’வுக்குச் சிரிப்பார்கள், என் பிள்ளைகள் என் மலாய்க்குச் சிரிக்கிறார்கள். சிரிப்புக்குக் குறைவில்லாத சீவியம்.

4

சட்டமும் எஞ்சினும் சக்கரமும் பூட்டி முடிய ஒன்பது மாதம் போனது. எல்லாம் எங்கள் வளவுக்குள், கிணற்றடிக்குப் பக்கத்தில் போட்ட கிடுகுக் கொட்டிலில். நட்டும் போல்ட்டும் கொண்டு வந்து தருகிற காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒருவர் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ளுக்க வெச்சுப் பூட்டுறீங்களே மனே. வளவு பொண்ணுக்குப் போறது. மறுகா கதை வரும்.” அவர்கள் பக்கத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். நான் சிரித்தேன். என் தங்கச்சியைப் பற்றியா இவர் பேசுகிறார் என்று நினைத்தேன்.

பூரணமும் ஒருநாள் பகிடியாகச் சொன்னாள்: “நீங்க கலியாணம் முடிச்சாக் கார் மதினிட வளவிலதானே அண்ணன் நிக்கும்? எங்களுக்கு என்ன, பாத்துக்கொண்டு நிக்கிறதுதான்.”

“உன்னை மண்டூர்த் திருவிழாவுக்கு ஏத்திக்கொண்டு போவன், பயப்படாத” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அன்று கவனிக்கவில்லை.

இனி மேல்கூடு செய்யவேண்டும். தோணி கட்டும் ஆசாரி மரத்தில் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். மட்கார்டோடு சேர்த்துக் கார் ஐந்தரை அடி அகலம் வரும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வளவின் வாசற்படலை இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே இருந்தது. மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் வேலி. அன்று நான் எஞ்சினுக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி சொன்னேன்:

“கணவதி, படலைய ஒருக்கா அளந்து பாரு. அஞ்சரை அடிக்குக் குறைவெண்டா இப்பவே வெறும் சக்கரத்தோட உருட்டிப் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டு போயிருவம். மறுகாக் கூடு அடிச்சாப் போகாது.”

அவன் வலைக் கயிற்றை மரத்துக்கு மரம் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு முழக்கணக்குத் தெரியும், அடிக்கணக்குத் தெரியாது. கயிற்றைப் பூரணத்திடம் கொடுத்தான். அவள் பள்ளிக்கூடத்து அடிமட்டத்தை வைத்து நிலத்தில் அளந்தாள், புத்தகத்தில் எழுதினாள், பிறகு கூப்பிட்டுச் சொன்னாள்: “ஆறடி அண்ணன். தாராளமாப் போகும்.”

“வடிவாப் பாத்தியா?”

“ஓம், ரெண்டு தரம் பாத்தன்.”

அப்ப சரி என்று நான் நட்டை முறுக்கினேன். கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தினமும் போய்வருகிற படலையை எவன் உற்றுப் பார்க்கிறான்? ஆசாரி வந்து தோணிக்கு அடிப்பதுபோல ஆணி அடித்து, மறுபக்கம் மடக்கிவிட்டார். இனி அந்தக் கூட்டைக் கழற்றுவதென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

5

எஞ்சின் பிடித்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கணவதி கைப்பிடியைச் சுற்றினான். மூன்றாம் சுற்றில் அது இருமியது, ஐந்தாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. கோழியெல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. ஊர் திரண்டு வந்தது. கிணற்றைச் சுற்றி மூன்று தரம் ஓட்டினேன். கணவதி முன்னால் ஓடி ஓடி, “கிறுக்கு, கிறுக்கு!” என்று கத்தினான். அம்மா கற்பூரம் கொளுத்தினாள். படலையைத் திறக்கச் சொல்லிவிட்டு ரோட்டுக்குத் திருப்பினேன்.

வலப்பக்க மட்கார்ட் பூவரசில் இடித்தது. பின்னுக்கு எடுத்து நேராக்கி வந்தேன், இடப்பக்கம் இடித்தது. சனம் சிரித்தது. நானும் முதலில் சிரித்தேன். ஒரு மரத்தை வெட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்.

கோடரியோடு மரத்தடிக்குப் போனபோது அம்மா வந்து குறுக்கே நின்றாள். “கலியாணத்த வெச்சுக்கொண்டு வேலிய வெட்டாத மனே. பூரணத்துக்குச் சீதனம் எழுதின வளவு.” கலியாணம் எனக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளை கணவதி. என் கூட்டாளியே என் தங்கச்சியைக் கட்டப்போகிறான் என்று என்னைவிடச் சந்தோசப்பட்டவன் இல்லை. சீதன உறுதிப் பத்திரம் எழுதி முடிந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தெரியாது.

அம்மான், அம்மாவின் அண்ணன், உறுதியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். வளவும், வீடும், கிணறும், வளவுக்குள் நிற்கும் சகலமும்.

“கார் எண்டு அதில இல்லையே அம்மான்” என்றேன்.

“தென்னை எண்டும் இல்லத்தான். படலையால போற சாமான் ஆம்பிளைட. போகாதது வளவோட சேந்தது. இந்தா, நீயே ஊருக்கு முன்னால ஓட்டிக் காட்டிப்போட்டாய், அது போகாது எண்டு.”

சனம் திரும்பவும் சிரித்தது. இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை. கணவதியைப் பார்த்தேன். அவன் வாய் திறந்து, அது மச்சான்ட கார், எனக்கு வேணாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்றால் யார் கொடுக்கமுடியும்? அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் எனக்குக் கயிறு நினைவு வந்தது. அளந்தவன் இவன். ஆறடி என்று நான் நம்பியது இவன் போட்ட முடிச்சை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “முடிச்சைக் கூட்டிப் போட்டனீ, என்னடா?”

“நான் பிடிச்ச இடத்திலதான் போட்டன் மச்சான். பிள்ளையாராணை!”

“பிள்ளையாரை இழுக்காதடா” என்று தள்ளினேன். அவன் ரேடியேட்டரில் விழுந்து நெற்றி வெடித்தது. பூரணம் ஓடிவந்து நடுவில் விழுந்து, “அவர விடுங்க அண்ணன், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்” என்று கதறினாள். அழுகிறவளைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு இளகியது. பாவம், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

வயல் போனது, கார் போனது, கூட்டாளி போனான். மலாயாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வெளிக்கிட்டேன். ரயிலுக்குச் சோற்றுப்பொதி கட்டித் தந்தவள் பூரணம். புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். படலையால் போகிற சாமான் அல்லவா?

6

வந்த அடுத்த வருஷம் கணவதியிடமிருந்து கடிதம் வந்தது. எழுத்துப் பூரணத்துடையது. அவனுக்குத்தான் எழுதத் தெரியாதே. கீழே அவனுடைய பெருவிரல் அடையாளம்.

‘மச்சான் அறிவது. கயிற்றைக் கூட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டது நான்தான். பிழை முழுக்க என்னுடையது. பூரணத்தில் ஒரு பிழையும் இல்லை. பொறுத்துக்கொள்.’

வாசித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, பொல்லாத நிம்மதி. நான் சொன்னது சரி என்ற நிம்மதி. கடிதத்தைக் கார்ப் புத்தகத்தோடு சேர்த்துப் பெட்டகத்தின் அடியில் வைத்தேன். பதில் எழுதவில்லை. பிறகு ஒரு தரம் ஊரிலிருந்து வந்தவரிடம் கருவாட்டு இறால் ஒரு தகரம் கொடுத்துவிட்டிருந்தான். அவன் வலையில் பட்டதாம். மூடியைக்கூடத் திறக்காமல் பக்கத்துச் சீனக் கடைக்காரருக்குக் கொடுத்தேன். பூரணத்துக்கு மட்டும் வருஷா வருஷம் தைப்பொங்கலுக்குச் சேலை அனுப்பினேன். ஒரு கடிதத்திலும் மச்சான் சுகமா என்று கேட்டதில்லை. கணவதி என்ற பேரைப் பன்னிரண்டு வருஷம் என் பேனா தொடவில்லை.

என் மனைவி சொல்வாள்: “அந்தாள் மன்னிப்புக் கேட்டு எழுதிப்போட்டுதே. இன்னும் என்ன?” மன்னிப்புக் கேட்டால் காரும் வயலும் ஊரும் திரும்பி வருமா என்று கத்துவேன்.

7

செத்தவனோடு என்ன கோபம், தாலியறுத்தவள் பிழைக்கட்டும் என்று மனைவி இரண்டு நாள் நச்சரித்தாள். சரி என்று புத்தகத்தை வெளியே எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அதை நான் ஒரு தரமும் திறந்ததில்லை. திறந்தால் எரியும் என்று எனக்குத் தெரியும்.

மகள் வாங்கிப் படம் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயது. இங்கிலீசும் மலாயும் தண்ணிபட்ட பாடு, தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டித்தான். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நான் ஏசுவதால், கடைசித் தாளில் பென்சில் எழுத்தைக் கண்டதும் எனக்குக் காட்டுவதற்காகச் சத்தமாக வாசித்தாள்.

“ப… ட… லை. படலை எண்டா என்ன அப்பா?”

“கேற்” என்றேன். சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டேன். “மறுகா என்ன கிடக்கு? வாசி.”

“படலை. அஞ்சு அடி… ரெண்டு… அங்குலம்.”

புத்தகத்தைப் பறித்தேன். பிள்ளை பயந்துவிட்டாள். அஞ்சு அடி ரெண்டு அங்குலம். அதற்குக் கீழே, ‘கார் அஞ்சரை அடி’. பூரணத்தின் எழுத்து. புள்ளி வைக்கவேண்டிய இடத்திலெல்லாம் அவள் குட்டிச் சுழி போடுவாள். புள்ளி வை, புள்ளி வை என்று அந்த நாளில் எத்தனை குட்டுக் குட்டியிருக்கிறேன்.

கயிறு சரி. முடிச்சுச் சரி. பிள்ளையாராணை என்று கத்தினவன் உண்மையைத்தான் கத்தியிருக்கிறான். அளந்து, எழுதி, காரின் அகலத்தையும் கீழே எழுதிப் பார்த்து, போகாது என்று தெரிந்துகொண்டு, ஆறடி அண்ணன், தாராளமாப் போகும் என்று சொன்னவள் என் தங்கச்சி. நான் நெஞ்சில் வைத்திருந்த தங்கச்சி. சோற்றுப்பொதி கட்டித் தந்தவள். பன்னிரண்டு சேலை வாங்கி உடுத்தவள்.

கணவதியின் கடிதத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே சுழி. ‘பூரணத்தில் ஒரு பிழையும் இல்லை.’ அவன் அதைச் சொல்லித்தான் அவள் எழுதினாளா? அவளைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானா? இல்லாவிட்டால் அவன் வேறெதையோ சொல்ல, அவள் இதை எழுதி, வாசிக்கத் தெரியாதவனின் விரலைப் பிடித்து மையில் தோய்த்தாளா? ஐயோ, இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்கக்கூடியவன் இத்தனை வருஷம் இருந்தான். நான்தான் கேட்கவில்லை.

அன்றுதான் கணவதிக்காக அழுதேன். பிள்ளைகளுக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

அனுப்பாமல் விட்டுவிடலாம் என்று மனைவியே சொன்னாள். இல்லை, அனுப்புகிறேன் என்றேன். பூரணம் கேட்டதைக் கொடுப்பேன், முழுதாகக் கொடுப்பேன். புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. கணவதியின் கடிதத்தைக் கடைசித் தாளில், அந்த அளவுக்கு நேர் எதிரே வைத்துப் புத்தகத்தை மூடிச் சணல் கயிற்றால் கட்டினேன்.

தபாற்கந்தோரில் இருந்தவர் நம்முடைய தமிழர்தான். புத்தகத் தபாலென்றால் ஒரு பக்கம் திறந்திருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் விரலை விட்டுப் புரட்டிப் பார்த்துத் தாளைப் பிடித்துக்கொண்டார்.

“கிராணியார், புத்தகத்துக்குள்ள கடிதம் வைக்கக்கூடாதெண்டு தெரியாதோ? எடுத்துப்போடுங்கோ.”

“எடுக்க ஏலாது. எல்லாத்தையும் கடிதக் கூலிக்கே போடுங்க.”

“ஆர் ஆருக்கு எழுதினது?”

“எனக்கு வந்தது” என்றேன். “எழுதின ஆளுக்கே திரும்பிப் போகுது.”